எடுக்காத கை

கிளினிக்கில் என்னுடைய கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளைக்கும், இனி வந்து இருக்கப்போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். அந்தக் கதிரையின் ஒரு கால் கட்டை. அதற்குக் கீழே மடித்து வைத்திருக்கும் காட்போட் துண்டைக் குப்பையென்று நினைத்து எடுத்து எறிந்துவிடாதீர்கள். எறிந்தால், மடியில் பிள்ளையோடு நீங்கள்தான் ஆடுவீர்கள்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் கையையும் காலையும் பிடித்துப் பார்ப்பதுதான் அந்தக் கதிரையில் என் வேலையாக இருந்தது. கதவில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டிருந்தாலும் வருகிற தாய்மாருக்கு நான் "மிஸ்"தான். பிரியாவிடைக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழும்பி, "மிஸ்ஸிட கண்ணுக்கு ஒன்றும் தப்பாது" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிரவு அந்தக் கேக் செமிக்கவில்லை. தப்பியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு ஒன்றும் விட்டுப்போனதாக ஆகாது.

கபிலன் என்று ஒரு பிள்ளை. இருபத்தெட்டாம் கிழமையில், ஏழு மாதம்கூட நிறையமுன் பிறந்தான். இரண்டு இறாத்தல் பாணின் எடைதான், ஒரு கிலோகூட இல்லை. அம்மா தர்ஷினி வெள்ளவத்தையில் கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர், அப்பா ரமணன் காப்புறுதிக் கம்பனியில் வேலை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், என் அப்பா அம்மா தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வந்தவர்கள். என் பேச்சைக் கேட்டு ரமணன் சிரிப்பார், அவர் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். அப்படியொரு பழக்கம் எங்களுக்குள் வந்துவிட்டிருந்தது.

எங்கள் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தாய்மாருக்கு விளங்கப்படுத்தவென்றே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் சொல்லும் விதம் எனக்கு நன்றாகப் பிடிக்கும். "வீட்டுக்கு வயர் இழுத்து முடியிறதுக்கு முந்தி ஆள் குடிவந்திட்டார், அவ்வளவுதான்" என்பார். வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில்தான் மூளை மடிப்பு மடிப்பாக மடிகிறது. நரம்புகள் இங்கிருந்து அங்கே ஓடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்த வேலையை இந்தப் பிள்ளைகள் வெளியே, பல்ப் வெளிச்சத்திலும் மெஷின் சத்தத்திலும் கிடந்து செய்து முடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்தும் முடிக்கிறார்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அந்த ஆச்சரியம் போகவில்லை. நாங்கள் ஒரு பஸ் பிந்தினாலே நாள் முழுக்க எரிந்து விழுகிறோம்.

ஆனால் அந்த நேரத்தில் மூளைக்குள் இருக்கும் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. சில பிள்ளைகளுக்குக் கசிந்துவிடும். கபிலனுக்கும் பிறந்த முதல் கிழமையில் மூளையின் இடது பக்கம் சின்னதாக ஒரு கசிவு. உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. பைலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை ஆட்டுவிக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் கன்டீன் நடத்துகிறவருக்கும் தெரியும்.

இந்தப் பிள்ளைகளின் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ண மாட்டோம், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவோம். அந்தக் கணக்குப்படி கபிலனுக்கு ஆறு மாதம் நடக்கும்போது கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். அன்று வாசல்வரை சனம். நான் சிவப்புக் கிலுகிலுப்பையை நீட்டினேன். இடது கையால் லபக்கென்று பிடித்தான். மறுபடி நீட்டினேன். மறுபடியும் இடது கை.

"எப்பவும் இடக்கைதான் மிஸ்" என்றார் ரமணன்.

"அப்போ என்ன, நம்ம டீமுக்கு ஒரு இடக்கை பட்ஸ்மன் கெடச்சிட்டான்!" என்றேன்.

ரமணன் விழுந்து விழுந்து சிரித்தார். தர்ஷினி மட்டும் "மிஸ், மற்றக் கை..." என்று தொடங்கினாள். அதற்குள் அடுத்த பிள்ளை கட்டிலில் வாந்தி எடுக்க, நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். பைலில் "நன்றாக எட்டிப் பிடிக்கிறான்" என்று எழுதினேன். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் வருடத்தில் பிள்ளைகள் இரண்டு கையையும் போட்டு எடுப்பார்கள். இடக்கையா வலக்கையா என்று தேர்ந்தெடுக்கிற வயது அது இல்லை. அந்த வயதில் ஒரு கை மட்டுமே முந்துகிறது என்றால் அந்தக் கை கெட்டித்தனம் காட்டுகிறது என்று அர்த்தமில்லை, மற்றக் கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதை நானே படிப்பித்திருக்கிறேன். அன்று, இடக்கை பட்ஸ்மன் என்று பகிடி விட்டேன். பகிடி விடுவதில் எனக்கு அப்படி ஒரு கொழுப்பு.

இரண்டு மாதம் கழித்து தர்ஷினி போன் எடுத்தாள். "மிஸ், கபிலனுக்குப் பல்லு வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை. நீங்க கட்டாயம் வரவேணும்." எங்கள் பக்கத்தில் பல் முளைத்தால் முளைத்தது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். நான் அதுவரை பார்த்ததில்லை. சேலை கட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாம் மாடி பிளாட். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது ஷோகேஸில் கப்புகள் கிடுகிடுக்கும். வீடு நிறையச் சனம். எல்லாவற்றையும் நடத்தியவர் ரமணனின் அக்கா. தர்ஷினிக்கு அவர் மச்சாள். கணீரென்ற குரல், சொன்னால் எதிர்ப்பேச்சு இல்லாத ஆள். ஹோலின் நடுவில் பாய் விரித்து, கபிலனை இருத்தி, பின்னால் மச்சாளே பிடித்துக்கொண்டார். அவன் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்து, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகளைப் பொலபொலவென்று கொட்டினார்கள். ஒவ்வொன்றிலும் தேங்காய்ச் சொட்டுத் துண்டைப் பல்லு மாதிரிக் குத்தியிருந்தார்கள். அவ்வளவு அழகு. பிள்ளை திகைத்துப் போய்ப் பார்த்தான்.

பிறகு முன்னால் ஒரு தட்டு. புத்தகம், பேனை, சங்கிலி, விளையாட்டு ஸ்டெதஸ்கோப், கிரிக்கெட் பந்து. பிள்ளை எதை எடுக்கிறானோ அதுதான் அவன் எதிர்காலமாம். ரமணன் போனில் கனடாவில் இருக்கும் தம்பியைப் பிடித்து வைத்திருந்தார். கபிலன் இடது கையை நீட்டிப் பந்தை எடுத்தான்.

"பார்த்தியளே! மிஸ் அண்டைக்கே சொன்னவா, இடக்கை பட்ஸ்மன் எண்டு!" என்று ரமணன் கூவினார்.

வீடே கைதட்டியது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று யாரோ சொல்ல, ரமணன் தட்டை வலது பக்கம் தள்ளி வைத்தார். பேனை கபிலனின் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவன் அந்தக் கையைத் தூக்கவில்லை. முழு உடம்பையும் முறுக்கி, சாய்ந்து, மச்சாளின் பிடி நழுவும் அளவுக்குத் திரும்பி, இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பேனையை எடுத்தான். மறுபடி கைதட்டல். நான் அப்போதுதான் எடுக்காத கையைப் பார்த்தேன். முழங்கை மடிந்து, நெஞ்சோடு ஒட்டி, பெருவிரலை உள்ளே வைத்து இறுக்கி மூடியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பிள்ளையைப் பற்றிய பயம் இல்லை, என் பேரைப் பற்றிய பயம். அதற்குப் பிறகுதான் பிள்ளை. நல்ல காரியம் நடக்கிற வீடு. இங்கே வாயைத் திறந்தால் மச்சாள் என்னைக் கடலுக்குள் தள்ளிவிடுவார். நாளைக்குக் கிளினிக்கிலிருந்து போன் எடுத்து, வழக்கமான செக்கப் மாதிரிக் கூப்பிட்டு, அப்போதுதான் கண்டுபிடித்தது மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது. அந்த யோசனை எவ்வளவு வேகமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சபையில் சொல்வதில்லை, நாளைக்குத் தள்ளுவதும் இல்லை என்று முடிவெடுத்தேன். "புள்ளையிட கையெல்லாம் மாவு, வா கழுவிட்டு வருவோம்" என்று தர்ஷினியைக் கூப்பிட்டேன். குளியலறைக் கதவைச் சாத்தினேன். நான் வாயைத் திறக்கமுன் அவள் கபிலனின் வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"விரியுதில்லை மிஸ். குளிக்க வார்க்கேக்க உள்ளங்கையில பஞ்சும் அழுக்கும் அடைஞ்சு கிடக்கும். விரலை ஒவ்வொண்டா பிரிச்சுத்தான் கழுவுறனான். இவருக்குச் சொன்னன், மச்சாளுக்குச் சொன்னன். மிஸ்ஸே சிரிச்சவா, உனக்கென்ன விசரோ எண்டு கேட்டவை."

"நீ அன்னைக்கு என்கிட்ட சொல்ல வந்த, இல்ல?"

"ஓம். நீங்க சிரிச்சீங்கள். நான் வாயை மூடிட்டன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கணக்குப் படிப்பிக்கிற குரலில், இரண்டும் இரண்டும் நாலு என்பது மாதிரிச் சொன்னாள். "நான் பிழை விட்டுட்டேன் தர்ஷினி" என்றேன். "உன் கண்ணு சரி. என் கண்ணுதான் பிழை." அவள் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். நானும் அழுதேன். கபிலன் பைப்புத் தண்ணீரை இடது கையால் அடித்து எங்கள் இரண்டு பேரின் சேலையையும் நனைத்தான்.

வெளியே வந்து ரமணனைக் கூப்பிட்டு, மூன்று பேரும் படியில் நிற்க, வலது கையைப் பற்றிச் சொன்னேன். பகிடி என்னுடையது, பிழையும் என்னுடையது, உங்கள் மனைவி சரி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கையில் போன் இன்னும் இருந்தது. தம்பி "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை டொக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் பைலை என் பக்கம் தள்ளினார். "ஹரி, லியன்ன" என்றார் சிங்களத்தில். சரி, எழுது. அன்றைக்குப் பார்த்ததை, அன்றைக்கு விட்டதை, இன்றைய திகதி போட்டு, உன் பேர் போட்டு எழுது. என் "நன்றாக எட்டிப் பிடிக்கிறான்" என்ற வரிக்கு நேர் கீழே அதை எழுதினேன். பைலைத் தேடிப் பார்த்தால் நீங்களும் காணலாம். எழுதி முடித்த பிறகு அவர் சொன்னார்: "இரண்டு மாதம் போயிட்டுது. இருக்கிற மாதத்தைப் பிடிப்பம்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. மனிசி என்றால் அவர்தான் மனிசி.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி என்னைத் தேற்றாதீர்கள். யானை சறுக்கினால் அடி யானைக்குத்தான். நாங்கள் சறுக்கினால் அடி பிள்ளைக்கு.

புதிதாக எடுத்த ஸ்கேனில் நாங்கள் பயந்ததுதான் இருந்தது. வலது கைக்கும் காலுக்கும் செய்தி கொண்டுபோகிற நரம்புப் பாதை அடிபட்டிருந்தது. டொக்டர் தர்ஷினியிடம் ஒளிக்கவில்லை. "அந்தக் கை முழுசா மற்றக் கை மாதிரி வராது. ஆனா பிள்ளைட மூளை இன்னும் பாதை போட்டுக்கொண்டிருக்கு. இந்தப் பெரிய ரோட்டை, காலி வீதியை மூடினா, பஸ் கடலோர மரைன் டிரைவால போகும்தானே? ஆனா பஸ் ஓடவேணும். ஓடாத பக்கம் ஒருத்தரும் பாதை திறக்கமாட்டினம்."

பஸ்ஸை ஓட்டுவது எப்படி என்றால், தினம் கொஞ்ச நேரம் நல்ல கைக்கு ஒரு மெல்லிய உறையைப் போட்டுவிட்டு, ஏலாத கையோடு விளையாட வேண்டும். தர்ஷினி ரமணனின் பழைய பெனியனில் உறை தைத்தாள். முதல் நாள் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். கபிலன் வீறிட்டு அழுதான். மச்சாள் சமையலறையிலிருந்து வந்தார்.

"இதென்ன கண்டறியாத வைத்தியம்? ஏலாத கைக்கு மருந்து செய்யாம நல்ல கையைக் கட்டுறதோ?"

"ஏலாத கைக்குத்தான் அக்கா மருந்து. நல்ல கை எல்லாத்தையும் செஞ்சு குடுத்துட்டா இந்தக் கை எதுக்கு எழும்பப் போகுது? நம்ம வீட்டு ஆம்பளைங்களப் பாருங்க!"

மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் தம்பியைப் பார்த்தார். ரமணன் சோபாவில் கால் நீட்டி இருந்தார். அந்த மனிசியின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்ததைக் கண்டேன். அவர் சமையலறைக்குத் திரும்பிப் போனார்.

அடுத்த கிழமைகள் லேசாகப் போகவில்லை. எதை வைத்தாலும் வலது கையிலிருந்து விழுந்தது. கிலுகிலுப்பை விழுந்தது, கரண்டி விழுந்தது, நான் கொண்டுபோன விலை கூடிய விளையாட்டுச் சாமானெல்லாம் விழுந்தது. ஒரு நாள் மச்சாள் வெதுவெதுப்பான கொழுக்கட்டை மாவில் ஒரு உருண்டை கொண்டுவந்தார். கபிலனின் பெருவிரலை மெல்ல வெளியே எடுத்து, உள்ளங்கையைத் தடவித் தடவி விரித்து, மாவை அப்பினார். "இது விழாது, ஒட்டும்" என்றார். ஒட்டியது. அவன் கையை உதறினான். போகவில்லை. தன் கையில் என்னவோ இருக்கிறதென்று முதல் தடவையாக அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, நம்பமாட்டீர்கள், அந்தக் கை மெல்ல மெல்ல ஏறி, காதில் இடித்து, மூக்கில் இடித்து, வாய்க்குப் போனது.

"என்ர ராசா!" என்று மச்சாள் போட்ட கூச்சலுக்குக் கீழ்மாடி ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். எத்தனையோ வருடம் படித்தும் வேலை செய்தும் என் மண்டையில் உதிக்காத யோசனை அது. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகளின் கையில் மாவு அப்பியிருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. கிளினிக் அலுமாரியில் அரிசிமா டின் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தர்ஷினியைப் பற்றி என்ன சொல்ல? பள்ளிக்கூடத்தில் லீவு போட்டாள். பிறகு நீண்ட லீவு போட்டாள். மழையானாலும் வெயிலானாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். வீட்டில் தினம் கிழிக்கிற கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு வலது கை செய்ததை எழுதுவாள். "கரண்டியைத் தொட்டது." "ஒன்றும் இல்லை." "ஒன்றும் இல்லை." "அப்பாவின் கண்ணாடியை இழுத்தது." ஒன்றும் இல்லை என்ற தாள்களையும் அவள் எறியவில்லை. அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் என் பைல் எழுத்தை நினைத்துக்கொள்வேன். அவள் எழுதியதுதான் ரிப்போர்ட். இப்படியொரு தாயை நான் கும்பிட்டிருக்கிறேன் என்றால் அது பேச்சுக்காகச் சொல்வதில்லை, ஒருநாள் அவள் போன பிறகு கதவைப் பார்த்து உண்மையாகவே கும்பிட்டேன்.

கபிலன் பிந்தி நடந்தான். இன்றும் வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் ஓடுவான், ஆனால் ஓடுவான். வலது கையால் எழுத மாட்டான், சட்டைப் பொத்தானோடு சண்டை பிடிப்பான். அற்புதம் நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளை தினமும் செய்ததை நாங்கள் ஒரு நாள் செய்தால் களைத்துப் படுத்துவிடுவோம், அதுதான் நான் சொல்ல வருவது.

நான் ஓய்வெடுத்துச் சில மாதங்களில் தர்ஷினி மறுபடி போன் எடுத்தாள். அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது, அதுவும் நாளுக்குக் கொஞ்சம் முந்தித்தான். பல் வந்துவிட்டதாம். அதே ஹோல், அதே பாய், ரயில் போனால் அதே கப்புச் சத்தம். மச்சாளுக்கு இப்போது முழங்கால் வலி, கதிரையில் இருந்தபடியே அதிகாரம் செய்தார். கொழுக்கட்டை கொட்டுகிற நேரம் வந்ததும், "அண்ணன்காரன் கொட்டட்டும்" என்றார்.

ஆறு வயதுக் கபிலன் முன்னால் வந்தான். கொழுக்கட்டை நிறைந்த சட்டி. ஒரு கையால் தூக்க ஏலாது. இடது கையால் விளிம்பைப் பிடித்தான். வலது கை அவன் பக்கத்தில் மடிந்து நின்றது. அவன் அந்தக் கையைக் குனிந்து பார்த்தான். விரல்கள் ஒவ்வொன்றாக, பிந்திப் பிந்தி, விரியத் தொடங்கின. சட்டி சரிந்தது. நான் என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"விடுங்கோ மிஸ்" என்றாள் தர்ஷினி. "அவன் செய்வான்."

உள்ளங்கை சட்டிக்குக் கீழே போனது. தூக்கினான். தங்கச்சியின் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தான். பாதி அவள் தலையில், பாதி பாயில், இரண்டு என் மடியில். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரமணன் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

பிறகு தட்டை வைத்தார்கள். குட்டிப்பெண் சாமான்களை ஒரு கணம் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். தர்ஷினி அவள் கையைப் பார்த்தாள். மச்சாள் கதிரையிலிருந்து எட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவள் கையைப் பார்த்தார். தங்கச்சிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்ற கபிலன்தான் முதலில் கத்தினான்.

"அம்மா! ரெண்டு கையும்! ரெண்டு கையாலயும் எடுத்திட்டாள்!"

அவள் எதை எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.